ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் 100 நாட்கள்

ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய்களுக்கு, சகோதரரிடமிருந்தோ வேறு கொடையாளரிடமிருந்தோ ஸ்டெம் செல் பெற்றுச் செலுத்தும் சிகிச்சை நம் சமுதாய மக்களிடமும் அறிமுகமாகி வருகிறது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, அல்ஹம்துலில்லாஹ்" என்று உறவினர்கள் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இது ஆபரேஷன் அல்ல. கவனம் அதிகம் தேவைப்படும் காலமும் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

புதிய செல்கள் சில வாரங்களில் ரத்தத்தை உருவாக்கத் தொடங்கிவிடும். வைரஸை எதிர்க்கும் டி செல்கள் சரியாகப் பல மாதங்கள் ஆகும். கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்காமலிருக்கத் தரப்படும் மருந்துகளும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கின்றன.

இந்நேரத்தில் மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது சைட்டோமெகலோ வைரஸ். நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸ் இது. எதிர்ப்பு சக்தி குறைந்ததும் விழித்து நுரையீரல், குடலைத் தாக்கும். எனவே வாரந்தோறும் ரத்தத்தில் பி.சி.ஆர். சோதனை செய்து, வைரஸ் தென்பட்டதும் கான்சிக்ளோவிர் கொடுப்பார்கள். ஆனால் அது வெள்ளணுக்களைக் குறைத்துவிடும்.

அந்தக் குறையில்லாத லெடர்மோவிர் என்ற தடுப்பு மருந்தை 2017இல் அமெரிக்கா அங்கீகரித்தது. அதற்கான ஆய்வில், 24 வாரங்களுக்குள் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தொற்று ஏற்பட்டவர்களும் ஆய்வை இடையில் விட்டவர்களும் சேர்ந்து சுமார் 61 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறைந்தனர். அக்கி, அம்மை வைரஸ்களை இம்மருந்து தடுக்காது. அதற்குத் தரும் அசைக்ளோவிரை மருத்துவர் சொல்லும் வரை நிறுத்தக் கூடாது.

வெளியிலிருந்து வரும் வைரஸைத் தடுப்பது நம் பொறுப்பு. வீட்டிலுள்ளவர்கள் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல், சளி உள்ளவர்கள் நோயாளியை நெருங்கக் கூடாது. நோயாளிக்கு லேசான காய்ச்சல் என்றாலும் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய தடுப்பூசிகளின் பலன் குறைந்துவிடுவதால் மீண்டும் போட வேண்டியிருக்கும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே போடுவார்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது நபிவழி. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போக வேண்டாம் என்று தடுத்ததும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். கூட்டமாகச் சென்று முஸாஃபஹா செய்வதை விட, தொலைபேசியில் விசாரித்து, துஆ செய்து, மருந்துச் செலவில் பங்கேற்பதே இந்த 100 நாட்களில் நாம் செய்யும் பேருதவி.