கமக்காரரின் கைக்கு வரவேண்டிய செய்தி

கொழும்பில் தெமட்டகொடை, புகையிரதப் பாதையும் பேஸ்லைன் வீதியும் ஊடறுத்துச் செல்லும் சனநெருக்கமான பகுதி. இங்கு தங்கி வேலை செய்யும் இளைஞர் யுவதிகளிடையே, யுத்தத்தால் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளனர். இங்கிருந்து வடக்கே சென்று களனி கங்கையைக் கடந்தால் பேலியகொடை. 2020 இல் திறக்கப்பட்ட புதிய மெனிங் சந்தை அங்கேதான் உள்ளது. அங்கு கத்தரிக்காய் என்ன விலைக்குப் போகிறது என்பதைத் தெமட்டகொடையிலுள்ள மகன் விடியற்காலையிலேயே அறிந்துகொள்ளலாம். ஆனால் ஊரில் அதை விளைவித்த தாய்க்குத் தரகர் சொல்வதே விலை. இந்த இடைவெளியைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியால் நிரப்ப முடியுமா?

முடியும் என்பதற்குப் புதுச்சேரிக் கிராமங்கள் சான்று. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் அங்கு அறிவு நிலையங்களை ஆரம்பித்தது. வில்லியனூர் தலைமை நிலையமாக இருந்தது. சந்தை விலை, காலநிலை, அரசாங்க உதவித் திட்டங்கள் பற்றிய விபரங்கள் அங்கு தமிழில் தொகுக்கப்பட்டுக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. தொலைபேசி வசதி குறைந்த இடங்களில் வானொலிக் கருவிகளும், மின்சாரம் தடைப்படும் இடங்களில் சூரிய சக்தியும் பயன்பட்டன. நிலையத்துக்கு இடம் கொடுத்தவர்கள் ஊர்மக்கள். பொறுப்பேற்று நடத்தியவர்கள் ஊர்த் தொண்டர்கள். அவர்களில் பெண்கள் பலர். சாதி பாராது சகலருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வீராம்பட்டினத்தில் நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பைத் தொண்டர்கள் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். கணனியைத் தொட்டறியாத மீனவரும் அன்று கடலுக்குப் போவதா இல்லையா என்று தீர்மானிக்க முடிந்தது.

2004 டிசம்பர் 26 இல் நல்லவாடு என்ற கரையோரக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவரின் தொலைபேசி எச்சரிக்கை வந்தது. அறிவு நிலைய ஒலிபெருக்கியில் அதனை உடனே அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அக்கிராமம் சுனாமியில் வீடுகளையும் படகுகளையும் இழந்தது. மக்கள் உயிர் தப்பினர். செய்தி ஒருவரிடம் மட்டும் நின்றிருந்தால் இது நடந்திராது.

இதே வழியை நாமும் பின்பற்றலாம். மீள்குடியேறிய கிராமமாயினும், இன்னும் இரவல் காணியில் பயிரிடுபவர்களாயினும், ஓர் இளைஞரும் ஒரு யுவதியும் பொறுப்பேற்றால் போதும். கோவில் மண்டபத்திலோ கமக்காரர் அமைப்புக் கட்டிடத்திலோ ஒரு கரும்பலகை வையுங்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் மூன்று விடயங்களை அதில் எழுதுங்கள்.

முதலாவது, விலை. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் சந்தை விலைகளை வெளியிடுகிறது. ஆயினும் கொழும்பு விலை முழுவதும் கமக்காரரின் கைக்கு வராது. உதாரணமாக, கிலோ 200 ரூபா என வைப்போம். லொறிக் கூலி 25, கழிவு 20, சேதம் 10 எனக் கழித்தால் மிகுதி 145. தரகர் 90 ரூபா கேட்டால், பேரம் பேச இடமுண்டு என்பது தெளிவு.

இரண்டாவது, மழை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைப் பார்த்து எழுதினால், மழைக்கு முதல்நாள் பசளை இட்டு அது கழுவப்பட்டுப் போவதைத் தவிர்க்கலாம். இறைப்புச் செலவும் நீரும் மிஞ்சும்.

மூன்றாவது, நோய். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துடன் தொடர்புகொண்டு ஆலோசனை பெறலாம். பயிரின் வயது, இலையில் தெரியும் மாற்றம், ஏற்கனவே தெளித்த மருந்து ஆகியவற்றை முதலில் குறித்து வைத்திருங்கள். நோயை அறியாமல் மருந்து தெளித்தால் பணமும் வீண்; மண்ணும் கிணற்று நீரும் கெடும்.

நகரிலுள்ள பிள்ளைகள் ஊர்க் கரும்பலகைக்குக் காலையில் விலையைச் சொல்லட்டும். ஊரிலுள்ளவர்கள் எந்தப் பயிர் எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதி வைக்கட்டும். எல்லோரும் ஒரே பயிரை நட்டு விலை வீழ்ந்து கடன்படும் நிலை இதனால் குறையும்.

இடம்பெயர்ந்தபோது நிலம், கிணறு, விதை என எவ்வளவோ பின்னால் விடப்பட்டன. எதை நடுவது, எப்போது விற்பது என்று தீர்மானிக்கும் உரிமையையும் நாம் பிறரிடம் விட்டுவிடலாகாது.