குப்பைக்குள் போகும் கை யாருடையது?

மக்கும் குப்பை பச்சைத் தொட்டியில், மக்காத குப்பை நீலத் தொட்டியில். ஊராட்சிச் சுவர்களில் நாம் பார்த்துப் பழகிய வாசகம் இது. தவறில்லை. ஆனால் பாதித் தகவல்தான். பிரிக்காவிட்டால் என்ன ஆகும், யாருக்கு ஆகும் என்பதை அது சொல்வதில்லை.

பிரிக்காத குப்பை தானாகப் பிரியாது. நேற்றைய சாம்பாரும் சவர பிளேடும் உடைந்த டியூப்லைட்டும் சானிட்டரி நாப்கினும் ஒரே பையில் போனால், அதைத் திறந்து பிரிப்பது தூய்மைக் காவலரின் கை. அந்த வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. நாப்கினும் குழந்தையின் டயப்பரும் கலந்த குப்பையைக் கிளறவிட்டால், அதே இழிவைக் கொல்லைப்புற வழியாக உள்ளே விடுகிறோம் என்றுதான் பொருள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் பகுதிகளில் இந்தச் சுமை இன்னும் கூடுதல். 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது ஊராட்சிகளுக்கான அரசின் கணக்கு. இங்கோ ஒரே கதவு எண்ணுக்குள் வரிசையாக வாடகை அறைகள். ஒவ்வொன்றிலும் ஷிப்டு மாற்றி வந்துபோகும் தொழிலாளர்கள். வீடு ஒன்று, குப்பை பத்து வீட்டுக்கானது. மாத ஊதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தும், இந்த வேலைக்கு அது ஈடாகாது.

அறைகளில் இருப்பவர்களில் பலர் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள். சுவரிலுள்ள தமிழ் வாசகம் அவர்களுக்கு வெறும் கோடு. வாடகைக்கு விடும்போது கரண்டுக்கு யூனிட் எவ்வளவு, மோட்டார் எப்போது போடுவோம் என்றெல்லாம் சொல்கிறோம். குப்பையை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதில்லை. சொல்லாமலே "வடநாட்டுக்காரன் குப்பை போடுகிறான்" என்று பழி போடுகிறோம்.

புனே நகரில் குப்பை பொறுக்கிய பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 1993-இல் சங்கம் கட்டினார்கள். வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கினால் வேலை நேரம் குறையும், வருமானம் கூடும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். 2008-இல் அவர்களுடைய கூட்டுறவு அமைப்பான ‘ஸ்வச்’ மாநகராட்சியுடன் ஒப்பந்தம் போட்டு, வீடுவீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியது. 2013-இல் பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டித் தயாரிப்பு கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாப்கின், டயப்பரைச் சுற்றிக் கொடுக்க உறை தருவது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றன. வீடுகளும் பிரித்து, சுற்றித்தான் தர வேண்டும் என்றன.

உறை வரும்வரை பழைய செய்தித்தாள் போதும். நாப்கின், டயப்பரை அதில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள். பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். பிளேடு, ஊசி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து, சொல்லிக் கொடுங்கள். பால் கவரையும் பார்சல் டப்பாவையும் அலசிக் கொடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக்குக்குத்தான் காயலான் கடையில் விலை உண்டு.

கல்லூரி, பள்ளி மாணவர்கள் இதை இந்தி, ஒடியா, அசாமியில் எழுதி, வாடகை அறைகளின் கதவுகளில் ஒட்டலாம். அறையில் இருப்பவர்களிடமே கேட்டு எழுதினால் பிழையும் வராது, பேச்சும் பிறக்கும்.

ஊராட்சிகளிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஆள் நியமனத்துக்குக் கதவு எண்ணை அல்ல, குடியிருக்கும் தலைகளை எண்ணுங்கள். கையுறையும் காலணியும் கிழிந்த அன்றே மாற்றுங்கள். தெருவுக்கு வரும் அக்காவை "குப்பைக்காரி" என்று கூப்பிடாமல், பெயர் கேட்டு அழைப்பதை வீட்டில் இருப்பவர்கள் இன்றே தொடங்கலாம்.