ஒலிப்பதிவுக்கு மடிக்கணினி: வேகத்தைவிட நேரந்தவறாமையே முக்கியம்

கூத்துப் பாடலானாலும் கஸீதாவானாலும், கலையகத்தை வாடகைக்கு அமர்த்தாமல் வீட்டின் ஓர் அறையிலேயே பதிவு செய்துகொள்ளும் வாய்ப்பை மடிக்கணினி தந்திருக்கின்றது. ஆனால் 2022ஆம் ஆண்டு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்த பின்னர், பாலையூற்று இளைஞர் ஒருவர் மடிக்கணினி வாங்குவதென்பது குடும்பமே கூடித் தீர்மானிக்க வேண்டிய செலவாகிவிட்டது. பலர் பாவித்த கணினிகளையே நாடுகின்றனர். மென்பொருளுக்கு லினக்ஸ் இலவசமாகக் கைகொடுக்கின்றது. எனவே பணம் முழுவதும் தங்கியிருப்பது கணினியின் தெரிவிலேயாகும்.

கடையில் நாம் முதலில் விசாரிப்பது வேகத்தைத்தான். அங்கேதான் தவறு நேர்கின்றது. ஒலி, செக்கனுக்கு 48,000 மாதிரிகளாகக் கணினிக்குள் செல்கின்றது. அவற்றை 128 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாகக் கையாள்வதாயின், ஒவ்வொரு தொகுதிக்கும் 2.7 மில்லி செக்கனே அவகாசம். ஆயிரம் தடவை விரைவாக முடித்து, ஒரேயொரு தடவை பிந்தினாலும் பதிவில் 'டிக்' என்ற ஓசை விழுந்துவிடும். தொகுதியைப் பெரிதாக்கினால் அத்தொல்லை குறையும். ஆனால் பாடகரின் குரல் அவரது காதுக்கே பிந்தி வந்து தாளத்தைக் குலைக்கும்.

நேரந்தவறாமைக்கென லினக்ஸில் சுமார் இருபது ஆண்டுகளாகத் தனியாக வளர்க்கப்பட்டுவந்த 'பிரீஎம்ட் ஆர்.டி.' என்ற ஏற்பாடு, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலுடன் இணைந்தது. எனினும் இதற்கும் எட்டாத ஓரிடமுண்டு. கணினியின் பயாஸ், வெப்பம், மின்கலம் போன்றவற்றைக் கவனிப்பதற்காக லினக்ஸைக் கேளாமலே செயலியைச் சில கணங்கள் பறித்துக்கொள்ளும். மாதிரிக்கு மாதிரி வேறுபடும் இக்குறையை விலையோ விளம்பரமோ காட்டித் தராது.

ஆதலால், உபுண்டு ஸ்டூடியோவை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் சென்று, கடையிலேயே அதிலிருந்து கணினியை இயக்கிப் பாருங்கள். அதிலுள்ள ஆர்டர் மென்பொருளை 128 மாதிரி அளவில் அரை மணி நேரம் ஓடவிட்டால், நேரம் தவறிய தடவைகளை 'எக்ஸ்ரன்' என்ற பெயரில் அதுவே எண்ணிக் காட்டும். கடைக்காரர் முகஞ்சுளிக்கலாம், வாங்குபவர் தயங்க வேண்டியதில்லை. வை-ஃபையை நிறுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள். கோளாறு அதனால் மட்டுமே வருவதாயின் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. விளையாட்டுகளுக்கான தனி வரைகலை அட்டை இவ்வேலைக்குத் தேவையற்ற செலவு. அப்பணத்தில், தனி டிரைவர் வேண்டாத யூ.எஸ்.பி. ஒலி இடைமுகம் ஒன்றை வாங்கலாம்.

2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். மின்கலத்தில் ஓடும்போது பல கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், சார்ஜரைக் கழற்றிவிட்டும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். சார்ஜர் மாட்டியிருக்கையில் மட்டும் பதிவில் இரைச்சல் கேட்கின்றதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.