ஏழை யார்? பக்கத்து வீட்டைக் கேளுங்கள்

மட்டாஞ்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் டச்சு அரண்மனையின் சுவரோவியங்களைப் பார்க்கிறார்கள், யூதர் தெருவில் ஏலக்காய் வாங்குகிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள நெரிசலான சந்துகளுக்குள் நுழைபவர்கள் குறைவு. அங்கே எந்த வீட்டுக் குழந்தை பசியோடு தூங்கப் போகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும்.

இந்த எளிய உண்மையைத் திட்டமாக மாற்றிக் காட்டியது, கொச்சிக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ஆலப்புழை. 1990-களின் தொடக்கத்தில், யுனிசெஃப் உதவியுடன் அங்கே தாய்-சேய் ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. ஏழைகளைக் கண்டறிய வருமானத்தை மட்டும் நம்பவில்லை. ஒன்பது குறைகளைப் பட்டியலிட்டார்கள். நல்ல வீடு, கழிப்பறை, அருகில் குடிநீர் இல்லாதது ஒவ்வொன்றும் ஒரு குறை. வீட்டில் குடிக்கு அடிமையானவர் இருந்தாலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தாலும் அதுவும் கணக்கில் சேரும். நான்கு குறைகள் இருந்தால் அது ஏழைக் குடும்பம். கணக்கெடுப்பில் முன் நின்றவர்கள் அந்தந்தத் தெருப் பெண்களே.

1994-ல் இம்முறை மலப்புரம் மாவட்டத்தின் கிராமங்களுக்குப் போனது. 1998 மே 17 அன்று, அதே மலப்புரத்தில் பிரதமர் வாஜ்பாய் 'குடும்பஸ்ரீ' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்தால் ஓர் 'அயல்கூட்டம்'. வாரந்தோறும் கூடுகிறார்கள், சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள், கடன் கொடுத்து வாங்குகிறார்கள். குக்கிராமம் முதல் கொச்சி மாநகராட்சி வரை இன்று 45 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் இதில் இருக்கிறார்கள்.

பலன் குழந்தையின் கிண்ணம் வரை போகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் தரப்படும் 'அமிர்தம்' சத்துமாவைத் தயாரிப்பது குடும்பஸ்ரீ பெண்களே. கோதுமை, கடலைப் பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை கலந்த மாவு அது. செலவு அரசுடையது, உழைப்பு அவர்களுடையது. குழந்தைக்கு உணவு, தாய்க்கு வருமானம்.

2021-ல் தொடங்கிய கணக்கெடுப்பில், கேரளத்தில் 64,006 குடும்பங்கள் கடும் வறுமையில் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. உணவு, மருத்துவம், வீடு, வருமானம் என ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் வகுத்தார்கள். ரேஷன் அட்டைகூட இல்லாதவர்களுக்கு முதலில் கிடைத்தது அட்டைதான். 2025 நவம்பர் 1 அன்று, கடும் வறுமை ஒழிந்துவிட்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை, அறிஞர்கள் சிலரும் கணக்கைச் சந்தேகித்தார்கள்.

சந்தேகத்துக்கு இடமுண்டு. அயல்கூட்டத்தின் பலம் பழகிய அண்டை வீடு. பிழைப்புக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து, வாடகை அறையில் சில மாதம் தங்கி, வேலை முடிந்ததும் நகர்ந்துவிடும் குடும்பத்துக்கு அண்டை வீடு ஏது? ஊர் விட்டு ஊர் போகும் அந்தக் குழந்தைகளையும் எண்ணிக்கையில் சேர்க்கும் நாளில்தான் கணக்கு முழுமையாகும்.