சின்னக் கணினிகள் – 9: பெரிய வேலை, சிறிய நினைவகம்

சென்ற வாரம் பார்த்த ஏடிமெகா328 சில்லின் நினைவகம் வெறும் 2 கிலோபைட். அதில் லினக்ஸ் ஏறாது. எந்த மென்பொருளைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கே இடமில்லை. லினக்ஸ் ஓடும், ஆனால் நினைவகம் ஓரிரு ஜிகாபைட்டோடு நின்றுவிடும் கணினிகளுக்கு வரும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் ஒன்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகக் கணினிப் பொறியியல் திணைக்களத்தினர் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 2020இல் ‘ஜெனோபோ’ என்ற அன்ட்ரொய்ட் செயலியை வெளியிட்டார்கள். கையடக்க நனோபோர் கருவி வாசித்த மரபணுத் தரவை, இணையமே இல்லாமல் கைத்தொலைபேசியில் பகுத்தாயும் செயலி அது. ஒன்பது நோயாளிகளின் கொரோனா வைரஸ் மாதிரிகளில் சோதித்தார்கள். மாதிரி ஒன்றுக்கு 30 நிமிடங்கூட ஆகவில்லை.

இதற்காக எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. செயலியில் சேர்த்த மினிமாப்2, சாம்டூல்ஸ் போன்ற மரபணுப் பகுப்பாய்வுக் கருவிகள் ஆய்வுகூடங்களில் ஏற்கெனவே புழங்குபவை. சி மொழியில் எழுதப்பட்டவை. சி நிரலைத் தொலைபேசிச் சில்லின் இயந்திர மொழிக்கே நேரே மாற்றிவிடலாம். பைதன் கருவியென்றால் பைதனையும் அதன் நூலகங்களையும் கூடவே ஏற்ற வேண்டும். மூலநிரல் திறந்திருந்ததும் கைகொடுத்தது. இல்லாவிட்டால் வேறு சில்லுக்கு மாற்றுவது எப்படி?

ஆனால் கொரோனா வைரஸின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 30,000 எழுத்துகள்தான். மனிதனுடையதோ 300 கோடி. எந்த எழுத்துத் தொடர் அதில் எங்கே வருகிறது என்று தேட உதவும் சுட்டியை (index) முழுதாக ஏற்றினால் சிறிய கணினி திணறிப்போகும். பேராதனையில் பொறியியல் படித்த ஹசிந்து கமாரச்சி, அவுஸ்திரேலியாவில் ஆய்வு செய்தபோது 2019இல் சக ஆய்வாளர்களோடு இதற்கு வழி கண்டார். சுட்டியைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றாக ஏற்றுவது அவர்கள் முறை. வெட்டினால் மட்டும் போதாது: ஒரு துண்டில் சிறந்ததாகத் தோன்றும் பொருத்தத்தை அடுத்த துண்டில் உள்ளது தோற்கடிக்கலாம். எனவே எல்லாத் துண்டுகளின் முடிவுகளையும் கடைசியில் ஒன்றுசேர்த்து ஒப்பிட்டார்கள். 2 ஜிகாபைட் நினைவகத்திலேயே வேலை முடிந்தது. துல்லியமும் குறிப்பிடும்படி குறையவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் தரவை மறுபடி வாசிப்பதால் நேரம் போகும். நினைவகத்தை மிச்சம் பிடித்ததற்கு அதுதான் விலை.

ஆகவே ஒரு கருவியைத் தெரிவு செய்யும்போது அதன் கோப்பு எவ்வளவு சிறியது என்று பார்ப்பது போதாது. உங்கள் உண்மையான தரவைக் கொடுத்து ஓடவிடுங்கள். உச்சத்தில் எவ்வளவு நினைவகம் பிடிக்கிறது என்று அளந்து பாருங்கள். தனிச் சேவையகம் கேட்கும் தரவுத்தளம் வேண்டாம். சிறிய வேலைகளுக்கு எஸ்கியூலைட் போதும். தொலைவிலிருந்து உள்நுழைய ட்ரொப்பெயார் இருக்கிறது. டெபியன் லினக்ஸை ஒற்றை நெகிழ்வட்டிலிருந்து நிறுவ 1995இல் புரூஸ் பெரென்ஸ் எழுதத் தொடங்கிய பிஸிபொக்ஸ், பல கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கித் தருகிறது. ஆனால் கட்டளைகளின் சில தெரிவுகள் அதில் இல்லை. மேசைக் கணினியில் எழுதிய ஸ்கிரிப்ட் இங்கே சறுக்கலாம். சின்னக் கணினிப் பலகையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகு நம்புங்கள்.

நினைவகம் போதவில்லையா? பெரிய பலகை வாங்கக் கடைக்குப் போகுமுன், வேலையைத் துண்டாக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்த வாரம்: இடைவிடாமல் எழுதினால் மெமரி கார்ட் ஏன் தேய்கிறது?

(தொடரும்)