கூண்டு ஏற்றியாச்சு!

"குமரிக்கடல், மன்னார் வளைகுடா பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

டிவி செய்தியில் இதை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள் குட்டீஸ்! கேட்டதும் நம் மனதில் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான்... நாளைக்கு ஸ்கூல் லீவா, இல்லையா?

பாம்பனிலோ, குளச்சலிலோ உங்கள் வயதுப் பிள்ளை ஒருவன் இதே செய்தியைக் கேட்டால், அவன் மனதில் வேறு கேள்வி எழும். அப்பா இப்போது கரையில் இருக்கிறாரா, கடலில் இருக்கிறாரா?

சரி, 55 கிலோமீட்டர் வேகம் என்பது அப்படியென்ன பெரிய வேகம்? நம் ஊர் பஸ்ஸே அதைவிட வேகமாகப் போகிறதே!

அப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கவனித்துப் பாருங்கள். வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முகத்தில் காற்று இதமாகப் படும். 60ஐத் தொட்டால் கண் திறக்க முடியாது, சட்டை படபடவென்று அடித்துக் கொள்ளும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிவிடும்! வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. 'கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்று காற்றை எடைபோடக் கூடாது என்பது இதனால்தான்.

கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று படகை மட்டுமா தள்ளுகிறது? தண்ணீரையும் சேர்த்தல்லவா தள்ளுகிறது! காற்று எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் தடையில்லாமல் வீசுகிறதோ அந்த அளவுக்கு அலை வளரும்.

இதை அழகாகக் கணக்குப் போட்டு வைத்தவர் பிரான்சிஸ் போஃபோர்ட். அயர்லாந்தில் பிறந்து, பிரிட்டிஷ் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். அந்தக் காலத்தில் ஒரு கப்பல்காரர் 'பலத்த காற்று' என்று குறிப்பு எழுதினால், இன்னொருவர் அதையே 'சுமாரான காற்று' என்று எழுதுவார். யார் சொல்வதை நம்புவது? போஃபோர்ட் 1805ஆம் ஆண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். காற்றை அளக்க வேண்டாம், காற்று என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்! கப்பல் அசையவே இல்லையா? எண் 0. எந்தப் பாயும் தாங்காதா? எண் 12. நடுவில் உள்ளவற்றில் பலவற்றை, எத்தனை பாயை விரிக்க முடிகிறது என்பதை வைத்துப் பிரித்தார்.

பிறகு வந்தவர்கள் அதை நிலத்துக்கும் ஏற்றபடி மாற்றினார்கள். நீங்களே வாசலில் நின்று சோதிக்கலாம். புழுதியும் காகிதத் துண்டும் பறந்தால் எண் 4. குடை பிடிக்கத் திண்டாடினால் 6. மரம் முழுவதும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கக் கஷ்டமாக இருந்தால் 7. (இதற்கு மேல் சோதனை வேண்டாம், வீட்டுக்குள் ஓடிவிடுங்கள்!) சிறு கிளைகள் முறிந்து விழுந்தால் 8.

இந்த எட்டாம் எண்ணைத்தான் ஆங்கிலத்தில் 'கேல்' என்கிறார்கள். மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகம். நடுக்கடலில் அலை ஐந்து மீட்டரையும் தாண்டும். அதாவது, ஏறக்குறைய ஒரு மாடி வீட்டின் உயரம்! வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று 'புயல்' என்ற பட்டத்தையும் ஒரு பெயரையும் வாங்குவதும் இதே 62 கிலோமீட்டரில்தான்.

இப்போது முதலில் பார்த்த செய்தியைத் திரும்பப் படியுங்கள். 'இடையிடையே 65' என்று இருக்கிறதா? சராசரி வேகம் 55ஐத் தாண்டாவிட்டாலும், சில நொடிகள் காற்று எட்டாம் எண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பும் என்று அர்த்தம். சின்னப் படகைக் கவிழ்க்க அந்தச் சில நொடிகளே போதும். இதற்குப் புயல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வேகம் பிடிக்கிற ஆடி மாதத்தில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுகூட குமரிக்கடலில் இந்த எச்சரிக்கை வரும்.

எச்சரிக்கை என்றதும் கூண்டு நினைவுக்கு வருகிறதா? 'பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றம்' என்று பேப்பரில் போடுவார்களே, அதேதான். இந்தக் கூண்டுக்கும் ஒரு கதை உண்டு.

1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. தங்கச் சுரங்கங்களில் உழைத்துச் சம்பாதித்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஊர் நெருங்கிவிட்ட நேரத்தில், வேல்ஸ் கரையோரம் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிரிட்டனின் வானிலைத் துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். விஞ்ஞானி டார்வின் உலகம் சுற்றினாரே, அந்த 'பீகிள்' கப்பலின் கேப்டன் இவர்தான்! புயலைவிடத் தந்தி வேகமாகப் போகுமே என்று அவர் யோசித்தார். 1861 முதல், புயல் அறிகுறி தெரிந்ததும் துறைமுகங்களுக்குத் தந்தி பறந்தது. உடனே அங்கே உயரமான கம்பத்தில் கூம்பு, உருளை வடிவங்களை ஏற்றிவிடுவார்கள். தூரத்தில் வரும் கப்பலுக்கும் அது தெரியும்.

நம் நாட்டிலும் 1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்த பிறகு, துறைமுகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும் முறை வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கியது 1875இல்.

நம் துறைமுகக் கூண்டுகளில் 11 எண்கள் உண்டு. பகலில் கூண்டு, இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 என்றால் தொலைவில் புயல் உருவாகலாம். 2 என்றால் தொலைவில் உருவாகியே விட்டது. 3 என்றால் துறைமுகத்தையே திடீர்க் காற்றும் மழையும் தாக்கலாம். 4 என்றால் புயலே தாக்கலாம். 5, 6, 7 மூன்றும் அபாய எச்சரிக்கை. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மீதே கடக்குமா என்பதை இவை சொல்லும். அதனால் 7 என்றால் 5ஐவிடப் பெரிய புயல் என்று நினைத்துவிடாதீர்கள்; இது பரீட்சை மார்க் இல்லை! 8, 9, 10 ஆகியவையும் அதே மாதிரிதான், ஆனால் பெரும் அபாயம். 11 என்ன? கொஞ்சம் பொறுங்கள்.

கூண்டு கரையில் இருப்பவருக்குத் தெரியும். நடுக்கடலில் இருப்பவருக்கு?

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கையின் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. ஏறத்தாழ ஒரே நாளில், 30ஆம் தேதி காலை, அது குமரிக்கடலில் 'ஒக்கி' புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். எச்சரிக்கை வந்தபோது அவர்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. தமிழகத்திலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. தேவாலய வாசல்களிலும் கடற்கரையிலும் குடும்பங்கள் நாள்கணக்கில் காத்திருந்தன.

அதன் பிறகு, செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற கருவி 2019இல் அறிமுகமானது. டவர் இல்லாத கடலிலும் படகில் உள்ள செல்போனில் செய்தியைக் காட்டும். ஆனால் அதில் கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. இப்போது இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளில் பொருத்தி வருகிறார்கள். ஆபத்து என்றால் படகிலிருந்தும் கரைக்குச் செய்தி அனுப்பலாம்.

அந்த 11ஆம் எண்ணை மறக்கவில்லையே? 'வானிலை மையத்துடன் எங்களுக்குத் தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் மோசமான வானிலை வரும்போலத் தெரிகிறது' என்று துறைமுக அதிகாரி தாமாகவே முடிவெடுத்து ஏற்றுகிற கூண்டு அது.