உடம்புக்கும் ஒரு கணக்கு நோட்டு



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து விசாரித்தோம். "எடை குறையணும்னு நாலு நாளா ராத்திரி சாப்பிடலக்கா. காலையிலயும் வெறும் காப்பிதான்" என்றார். ஏற்கெனவே நம்மில் பலருக்கு ரத்தசோகை. இதில் பட்டினியும் கிடந்தால் உடம்பு என்ன ஆகும்? எடை குறைக்க வேறு வழி இருக்கிறது.

குழுவில் வரவு, செலவு, இருப்பு எழுதுகிறோம் அல்லவா? உடம்பும் அப்படித்தான். சாப்பிடுவது வரவு, வேலை செய்வது செலவு. மீதி நிற்பது கொழுப்பாகச் சேர்கிறது. குழுவில் சேமிப்பு கூடினால் சந்தோஷம். இடுப்பில் கூடினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முட்டிவலி. இந்தக் கணக்கை அளப்பதுதான் கலோரி.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஒரு நாளைக்கு சுமார் 1660 கலோரி தேவை. நடுத்தர வேலைக்கு 2130, கடின உழைப்புக்கு 2720 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னது. நம் அம்மாக்கள் உரலில் ஆட்டினார்கள், குடம் சுமந்தார்கள். நமக்கு கிரைண்டரும் குழாயும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் தட்டில் சோறு குறைந்ததா?

நானும் ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். போகிற வீட்டிலெல்லாம் அன்பாக டீ கொடுப்பீர்கள். ஒரு நாளைக்கு 6 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூனுக்கு 20 கலோரி. சர்க்கரை மட்டுமே 240! அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 120தான். டீயைக் குறைக்காமல் நடந்து மட்டும் என்ன பயன்?

நீங்களும் 7 நாள் எழுதுங்கள். பிள்ளை மீதி வைத்த தோசை, "வீணாப் போகுதே" என்று வாயில் போட்ட வடை, எல்லாம் வரவில் ஏறணும். கணக்கில் வராத இடத்தில்தான் எடை ஒளிந்திருக்கும்.

பிறகு செய்ய வேண்டியவை:

* மூன்று வேளையும் சாப்பிடுங்கள். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, கீரை, காய், பருப்பு, முட்டை கூட்டுங்கள்.
* எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரி.
* வாரம் 5 நாள், அரை மணி நேரம் கைவீசி நடங்கள்.
* தையல் டேப்பால் மாதம் ஒருமுறை இடுப்பை அளங்கள். 80 சென்டிமீட்டருக்கு (சுமார் 31½ அங்குலம்) மேல் இருந்தால் கவனம் தேவை.
* மாதம் 1, 2 கிலோ குறைந்தால் போதும். அவசரம் வேண்டாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்க முயல வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அன்று மயங்கிய சகோதரி இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறார், கணக்கும் எழுதுகிறார். அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் புத்தகத்தோடு இந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம். எனக்கு டீ கொடுத்தால் சர்க்கரை அரை ஸ்பூன் போதும்!